சாயம் திட்டுத் திட்டாகப் பிடித்தால்: பள்ளிச் சாயக் கூடத்துக்கான பிழை நீக்கும் வழிமுறை

மதுரை வட்டாரத்தில் இயற்கைச் சாயத்தை வகுப்புக்குக் கொண்டுவரும் ஆசிரியர்களுக்கும், அவர்களோடு சேரும், துணியில் முடிச்சிட்டுப் புள்ளி எடுக்கும் சுங்குடிக் கலைஞர்களுக்கும், மகளிர் சுய உதவிக் குழுவினருக்கும் எழுதிய குறிப்பு இது. துணியில் என்ன குறை தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஒன்றை மட்டும் முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குறை கண்ணில் படுவது சாயப் பானையில். அது உண்டாவது பெரும்பாலும் அதற்கு முந்தைய நாட்களில், துணியை வேகவைத்தபோது அல்லது படிகாரத்தில் ஊறவைத்தபோது. பானையில் இன்னும் இரண்டு கை பூவை அள்ளிப் போட்டு அந்தக் குறையைத் தீர்க்க முடியாது.

இங்கே வரும் அளவுகள் எல்லாம் 1 கிலோ உலர்ந்த பருத்தித் துணிக்கு. 50 செ.மீ. சதுரமாக வெட்டிய காடாத் துண்டு ஏறக்குறைய 30 கிராம் இருக்கும். ஆக, 1 கிலோ என்பது 33 பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு துண்டு. 1 கிராம் வரை காட்டும் சமையல் தராசு ஒன்றை வேறெதையும் வாங்குவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். எடை தெரியாமல் போட்ட பானையில் பிழையைத் தேட வழியில்லை.

அடிப்படை முறை இதுதான். முதல் நாள் 25 லிட்டர் தண்ணீரில் 25 கிராம் சோடா ஆஷ், ஒரு மேசைக்கரண்டி காரமில்லாத திரவச் சோப்பு சேர்த்து, துணியை ஒன்றரை மணி நேரம் மெல்லிய கொதியில் வேகவைத்து நன்றாக அலச வேண்டும். இரண்டாம் நாள் கொட்டை நீக்கிய கடுக்காய்ப் பொடி 200 கிராமை 20 லிட்டர் சுடுநீரில் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, அதில் 2 மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்து, அலசாமல் உலர்த்த வேண்டும். மூன்றாம் நாள் 150 கிராம் படிகாரம், 20 கிராம் சோடா ஆஷ். இரண்டையும் தனித்தனியாகச் சுடுநீரில் கரைத்து, சோடாக் கரைசலைப் படிகாரக் கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பொங்கும், பாத்திரம் பாதி காலியாக இருக்கட்டும். பொங்கல் அடங்கியதும் 20 லிட்டராக்கி, இளஞ்சூட்டில் துணியை இரவு முழுக்க ஊறவையுங்கள். மறுநாள் லேசாக அலசிவிட்டுச் சாயத்தில் போடலாம். உலர்ந்த செண்டுமல்லி இதழ், மாதுளைத் தோல், வெங்காயத் தோல், சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டிப் பொடி, எதுவானாலும் 500 கிராமில் தொடங்குங்கள். பாத்திரம் எவர்சில்வர் அண்டா. சத்துணவுக் கூடத்துப் பாத்திரத்தை ஒருநாளும் எடுக்கக் கூடாது. சாயத்துக்கு வந்த அண்டா சாயத்துக்கே.

நிறம் திட்டுத் திட்டாக, தீவு தீவாகப் பிடிக்கிறது

பள்ளிகளில் அதிகம் வரும் குறை இதுதான். காடாத் துணியில் நெசவின்போது பாவுக்குப் போட்ட கஞ்சியும், பஞ்சின் சொந்த மெழுகும் இருக்கின்றன. இவை இருக்கும் இடத்தில் தண்ணீரே இறங்காது, படிகாரமும் இறங்காது. கடையில் "துவைச்ச துணிதாங்க" என்று கொடுத்தாலும் நம்ப வேண்டாம். வேகவைத்த துணியை உலர்த்தி, ஒரு சொட்டுத் தண்ணீரை அதன்மேல் விட்டுப் பாருங்கள். சொட்டு விழுந்த கணமே உள்ளே போனால் துணி தயார். முத்தாக நின்று யோசித்து இறங்கினால் இன்னொரு முறை வேகவைக்க வேண்டும். ஒரே துண்டில் நடு, ஓரம், மூலை என்று நான்கைந்து இடத்தில் சோதியுங்கள். இந்தச் சோதனையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம். இது பாதுகாப்பானது, உடனே விடை தருவது, ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிவது.

வேகவைத்தும் சொட்டு நின்றால் சோடாவைப் பாருங்கள். கடையில் வெறுமனே "சோடா உப்பு" என்று கேட்டால் ஆப்பசோடாவைக் கொடுத்துவிடுவார்கள். அதன் காரம் இந்த வேலைக்குப் போதாது. வேண்டியது வாஷிங் சோடா. அதிலும் இரண்டு வகை உண்டு. மாவு போல உலர்ந்திருப்பது சோடா ஆஷ். கற்கண்டு போலப் பளபளப்பது படிகச் சோடா. அதன் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். சோடா ஆஷ் 25 கிராம் கேட்கும் இடத்தில் படிகச் சோடா 67 கிராம் வேண்டும்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கட்டிச் சோப்பைப் போட்டு வேகவைத்தாலும் திட்டு வரும். உப்புத் தண்ணீரின் சுண்ணாம்போடு சோப்பு சேர்ந்து வெண்மையான பிசுக்காகத் துணிமேல் ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் திரவச் சோப்பைச் சொல்கிறோம்.

சோதனையில் துணி தேறியும் திட்டு வந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். கடுக்காய்ப் பொடியை வடிகட்டாமல் விட்டால், பொடி ஒட்டிய இடமெல்லாம் கருத்த புள்ளி. அண்டாவில் துணியை அமுக்கி அடைத்தால், மடிப்பின் உட்பக்கம் வெளுப்பு. ஊறவைத்த துணியைக் கயிற்றில் போட்டு அப்படியே விட்டால், கயிறு பட்ட இடத்தில் ஒரு கோடும், அடியோரத்தில் அடர்ந்த விளிம்பும் தெரியும்; ஈரம் இறங்கும்போது அதில் கரைந்ததும் சேர்ந்து இறங்குகிறது. துண்டுகளை ஓரத்தில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தலைகீழாக மாற்றச் சொல்லுங்கள். அந்த வேலைக்கு இரண்டு பிள்ளைகளை நிறுத்தினால் போதும்.

சாயம் ஏறிய பிறகு திட்டை எடுக்க முடியாது, மறைக்கத்தான் முடியும். அன்னபேதி என்னும் இரும்பு உப்பு 10 கிராமை 20 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, துணியை 5 நிமிடம் அலைந்தால் மஞ்சள் நிறம் ஆலிவ் பச்சையாகும், மாதுளை சாம்பலாகும். திட்டு பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஒரே பானையில் ஒருவர் துண்டு மட்டும் பிடிக்கவில்லை

வீட்டிலிருந்து கொண்டுவந்த துணியாக இருக்கும். பழைய சீருடை, அப்பாவின் வேட்டி என்று வருபவற்றில் பாலியஸ்டர் கலந்தவை ஏராளம். ஒரு நூலை உருவி, ஆசிரியர் மட்டும் இடுக்கியால் பிடித்துத் தீயில் காட்ட வேண்டும். பருத்தி காகிதம் போல எரிந்து, காகிதம் கருகிய வாடையோடு பொடிச் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கடின மணியாகும். கலப்புத் துணி எரிந்து, உருகி, இரண்டையும் காட்டும். பிள்ளையைக் குறை சொல்லாமல், அந்தத் துணியையே வகுப்புக்கு மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். துணிகளை விளக்கும் பாடம் அதைவிட நன்றாக எதிலும் நடக்காது.

நிறம் ஏறியது, ஆனால் அழுக்குப் பிடித்தது போல மங்கல்

தண்ணீரில் இரும்பு. கடுக்காயில் ஊறிய துணி வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டும். அது சாயத்துக்குப் போகும் முன்பே சாம்பல் பூத்திருந்தால் வேறு காரணம் தேட வேண்டாம். ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து, கெட்டியான கடுக்காய்ச் சாறு ஒரு தேக்கரண்டி விடுங்கள். தேநீர் நிறமாக நின்றால் நல்லது. மை கலந்தது போல நீலச் சாம்பலாக ஓடினால் அந்தத் தண்ணீரில் மஞ்சளும் சிவப்பும் தெளிந்து வராது. பள்ளிக் குழாய், கிணறு, மழைநீர்த் தொட்டி, லாரித் தண்ணீர் என்று நான்கு தம்ளரை வரிசையாக வைத்துப் பிள்ளைகளை ஒப்பிடச் சொல்லுங்கள்.

இரும்புத் தண்ணீரை வாய் அகன்ற தொட்டியில் ஒரு நாள் திறந்து வைத்து, இடையிடையே கலக்கிவிட்டால் இரும்பு துருவாக அடியில் படியும். மேல்தண்ணீரை மட்டும் மொள்ளலாம். அவசரத்துக்குக் கேன் தண்ணீர் இருக்கிறது. ஒரு கேன் 20 லிட்டர், ஒரு சாயப் பானைக்கு ஏறக்குறையப் போதும். கடைசி அலசலுக்கும் நல்ல தண்ணீர்தான் வேண்டும், இல்லாவிட்டால் வந்த நிறம் அங்கே மங்கும்.

தண்ணீர் சரி என்றால் பாத்திரம். இரும்புக் கடாய், எனாமல் பெயர்ந்த வாளி, துருப்பிடித்த கரண்டி, இவற்றில் ஒன்று உள்ளே இருந்திருக்கும். அலுமினியப் பாத்திரத்தில் சோடாவைக் கொதிக்கவைத்தால் பாத்திரமே கரையும்.

கடினநீர் எல்லாச் சாயத்துக்கும் பகை என்று எண்ணிவிட வேண்டாம். சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணீரில் மஞ்சிட்டி இன்னும் சிவந்து வரும். இரும்பில்லாத உப்புத் தண்ணீர் கிடைக்கும் ஊரென்றால் மஞ்சிட்டியில் தொடங்குங்கள்.

இரண்டு தடவை துவைத்ததும் நிறம் போய்விட்டது

முதலில், அது சாயம்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பீட்ரூட், செம்பருத்தி, ஊதா முட்டைக்கோசு ஆகியவை தண்ணீரை அழகாக நிறமாக்கும், துணியில் நிற்காது. எந்தப் படிகாரமும் அவற்றைப் பிடித்து வைக்காது. பிள்ளை ஆசையாக வீட்டுக்குக் கொண்டுபோன துண்டு ஒரே வாரத்தில் வெளுத்துப்போனால், இயற்கைச் சாயம் என்றாலே ஏமாற்று என்ற எண்ணம் அந்த வீட்டில் நிலைத்துவிடும். ஆகவே இந்த மூன்றையும் பாடத்திட்டத்திலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. சமையல் மஞ்சளும் வெயிலில் வெளுக்கும். அதற்கு வகுப்பில் வேறு வேலை இருக்கிறது, கீழே சொல்கிறோம்.

மாதுளை, செண்டுமல்லி, மஞ்சிட்டி போன்ற நல்ல சாயமும் ஓடினால், நிறமூன்றிதான், அதாவது நிறத்தைத் துணியோடு பிணைக்கும் படிகாரம்தான், துணியில் உட்காரவில்லை. பருத்திக்குப் படிகாரத்தை நேராகப் பிடிக்கும் குணம் குறைவு. கடுக்காயின் துவர்ப்பு துணியில் ஏறினால்தான் படிகாரம் பற்றிக்கொள்ள இடம் கிடைக்கும். கடுக்காயை விட்டுவிட்டுப் படிகாரம் மட்டும் போட்ட துணியும், கடுக்காய்க்குப் பிறகு "மஞ்சளாக இருக்கிறதே" என்று சோப்புப் போட்டு அலசிய துணியும் இப்படித்தான் ஓடும். கடுக்காயைக் கொட்டையோடு இடித்து எடை போட்டிருந்தாலும் அளவு குறைந்துவிடும். துவர்ப்பு இருப்பது தோலில். படிகாரக் கரைசல் பால் போல வெளுத்து அடியில் படிந்திருந்தால் சோடா கூடிவிட்டது என்று பொருள். படிகாரம் துணிக்குப் போகாமல் பாத்திரத்தின் அடிக்குப் போய்விட்டது. அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைப்பதுதான் வழி.

துவைத்த சோப்பையும் கேளுங்கள். வாஷிங் பவுடரின் காரமும் வெளுப்பானும் இந்த நிறங்களுக்கு ஆகாது. காரமில்லாத திரவச் சோப்பு, குளிர்ந்த நீர், நிழலில் உலர்த்தல். துண்டோடு வீட்டுக்குப் போகும் சீட்டில் இந்த மூன்றையும் எழுதிக் கொடுங்கள்.

மஞ்சளில் தோய்த்தது சோப்புப் பட்டதும் சிவந்துவிட்டது

குறையில்லை. மஞ்சள் காரத்தில் சிவக்கும், எலுமிச்சைச் சாறு பட்டால் பழைய மஞ்சளாகும். மஞ்சள் ஏற்றிய துணியைக் கீற்றுகளாக வெட்டி வைத்துக்கொண்டால் வேகவைத்த துணியில் சோடா எச்சம் இருக்கிறதா என்று பார்க்க உதவும். ஈரத் துணிமேல் கீற்றை அழுத்துங்கள்; சிவந்தால் இன்னும் அலச வேண்டும்.

மஞ்சிட்டி சிவக்காமல் பழுப்பாகிறது

சூடு கூடிவிட்டது. மஞ்சிட்டி கொதித்தால் அதிலுள்ள பழுப்பு நிறப் பொருள்கள் மேலெழுந்து சிவப்பை மூடிவிடும். பொடியை முதல்நாள் இரவே ஊறவைத்து, மறுநாள் அடுப்பை மெல்ல ஏற்றி, 70 டிகிரியில் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். வெப்பமானி இல்லையென்றால் பானையின் ஓரத்தில் சிறு குமிழ் கட்டத் தொடங்கும்போது தீயைக் குறைத்துவிட வேண்டும். பிறகு துணியைப் பானையிலேயே ஆறவிடுங்கள். சிவப்பு வேண்டும் என்று நுணா மரத்தின் வேரையோ கரையோர மணலில் விளையும் சாயவேரையோ பிள்ளைகளைத் தோண்ட அனுப்பக் கூடாது. வேரை எடுத்தால் செடி போயிற்று. இயற்கையைக் கெடுக்காத துணி பற்றிய பாடம் அங்கேயே பொய்யாகிவிடும்.

செண்டுமல்லி மஞ்சளில் இளஞ்சிவப்புக் கறை

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மிஞ்சிய உதிரிப்பூ என்றால் இது வராது. கோயில் மாலைகளில் குங்குமமும், சாயமேற்றிய நாரும், ஜிகினாவும் இருக்கும். குங்குமப் பொடியின் செயற்கைச் சாயம் பானையில் கரைந்து துணியில் ஏறுகிறது. மாலையை உதிர்த்து, காம்பையும் பச்சைப் பகுதியையும் நீக்கி, இதழை மட்டும் நிழலில் உலர்த்தச் சொல்லுங்கள். ஆயுத பூசைக்கு மறுநாள் கடைகளிலும் பட்டறைகளிலும் கழற்றும் மாலைகளைச் சேகரித்தால் ஓராண்டுக்குப் போதும். அழுகிப் பழுப்பேறிய இதழை எடுக்காதீர்கள், நிறமும் பழுப்பாகவே வரும்.

சுங்குடிப் புள்ளி தெளிவாக விழவில்லை

சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்று மதுரைக் கடைகளில் சுங்குடி என்று விற்பவற்றில் மெழுகு அச்சு வேலை நிறைய; கையால் முடிச்சிடத் தெரிந்தவர்கள் குறைவு. ஆகவே முடிச்சைப் பள்ளிக்குக் கொண்டுவருவது முக்கியமான வேலை. தீ, கொதிநீர் எதுவும் வேண்டாத வேலை என்பதால் வகுப்பறையிலேயே நடத்தலாம்.

புள்ளி வெள்ளையாக இல்லாமல் மஞ்சளாக வந்தால், கடுக்காயிலும் படிகாரத்திலும் ஊறிய துணியில் முடிச்சிட்டிருக்கிறீர்கள். முடிச்சுக்குள் இருந்த இடம் ஏற்கெனவே கடுக்காய் நிறம், அதோடு சாயத்தைப் பிடிக்கவும் தயாராக இருக்கிறது. வரிசையை மாற்றுங்கள்: வேகவைத்து உலர்த்திய துணியில் முடிச்சு, அதன் பிறகு கடுக்காய், அதன் பிறகு படிகாரம். அப்போது சாயம் கொஞ்சம் கசிந்து உள்ளே போனாலும் பிடித்துக்கொள்ள அங்கே நிறமூன்றி குறைவாகவே இருக்கும். இன்னும் தூய வெள்ளை வேண்டுமென்றால் நீலச் சாயமான அவுரிதான். அதற்கு நிறமூன்றியே வேண்டாம், கொதியும் இல்லை, தோய்க்கும் நேரமும் சில நிமிடம்.

புள்ளியே இல்லாமல் மங்கலான வட்டம் மட்டும் தெரிந்தால் முடிச்சு தளர்வு. பிள்ளைகள் நூலைச் சுற்றுகிறார்கள், இழுப்பதில்லை. துணியை விரல் நுனியில் கடுகளவு தூக்கி, அதன் கழுத்தில் நூலை நான்கைந்து சுற்று, ஒவ்வொரு சுற்றுக்கும் வெடுக்கென்று ஒரு இழுப்பு. முறுக்கேறிய பருத்தி நூல் எடுங்கள். நைலான் நூல் நனைந்தால் வழுக்கும். சுற்று முடிந்ததும் நகத்தால் நூலைத் தள்ளிப் பாருங்கள், நகர்ந்தால் மறுபடி சுற்ற வேண்டும். இந்த விரல் வேலையைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. முடிச்சுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளையின் விரல்மேல் விரல் வைத்து ஒருமுறை இழுத்துக் காட்டினால் கை பழகிவிடும்.

முடிச்சை ஈரத்தில் அவிழ்க்க வேண்டாம். அலசி, முழுக்க உலர்ந்த பிறகு துணியை இரு பக்கமும் குறுக்காகப் பிடித்து இழுத்தால் நூல் சடசடவென்று தெறிக்கும். ஈரத்தில் அவிழ்த்தால் சுருக்கத்தில் தேங்கிய சாயம் வெள்ளைப் புள்ளிக்குள் ஓடிவிடும்.

அவுரித் தொட்டி எழவில்லை

தொட்டி வைக்கும் முன்பே நடக்கும் பிழை ஒன்று உண்டு. நாட்டு மருந்துக் கடையில் அவுரிப் பொடி கேட்டால் தலைமுடிக்குப் போடும் பச்சை இலைப் பொடி வரும். சில ஊர்களில் நிலாவாரையே வந்துவிடும். தொட்டிக்கு வேண்டியது இலையிலிருந்து எடுத்து உலர்த்திய கருநீலக் கட்டி. திண்டிவனம் பக்கம் அவுரி பயிராகி, இப்படிக் கட்டியாக விற்பனைக்கு வருகிறது.

பள்ளிக்கு எளிய அளவு ஒன்று, இரண்டு, மூன்று என்ற விகிதம். 20 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் அவுரி, 200 கிராம் நீற்றிய சுண்ணாம்புத் தூள், 300 கிராம் பழச்சர்க்கரை (ஃபிரக்டோஸ்). அவுரியைத் தண்ணீர் தெளித்து வழுவழுப்பாக அரைத்த பிறகே சேர்க்க வேண்டும். சுண்ணாம்பை ஆசிரியரோ சாயக்காரரோ கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு கலக்கட்டும். இந்தத் தொட்டித் தண்ணீர் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும் காரம். இயற்கைப் பொருள்தானே என்று வெறுங்கையை உள்ளே விடப் பிள்ளைகளை அனுமதிக்கக் கூடாது.

எழுந்த, அதாவது தோய்க்கத் தயாரான, தொட்டியின் மேலே செம்பு மினுக்கும் ஏடும் நீல நுரையும் இருக்கும். ஏட்டை விலக்கினால் உள்ளே தண்ணீர் மஞ்சள் கலந்த பச்சையாகத் தெளிந்து தெரியும். துணி பச்சையாக வெளிவந்து, காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். இதில் எது தவறினாலும் கீழே பாருங்கள்.

உள்ளே தண்ணீர் நீலமாகவே இருந்தால் அவுரி இன்னும் கரையவில்லை. நீலமாக இருக்கும்வரை அது நீரில் கரையாத பொடி. சர்க்கரை அதை ஒடுக்கி, அதாவது அதற்கு எலக்ட்ரானைத் தந்து, மஞ்சள் பச்சையாக்கிய பிறகே காரநீரில் கரைந்து இழைக்குள் போகும். தொட்டியை 45 முதல் 50 டிகிரிக்குச் சூடாக்கி, 50 கிராம் பழச்சர்க்கரை சேர்த்து, நுரை எழாமல் அடியிலிருந்து மெல்லக் கிளறி, மூடி, இரண்டு மணி நேரம் விடுங்கள். வேகமாகக் கலக்கினால் காற்று புகுந்து காரியம் பின்னுக்குப் போகும். மார்கழிக் குளிரில் தொட்டி மந்தமாவதும் சூட்டுக் குறைவால்தான். பானையைச் சாக்கு சுற்றி வையுங்கள்.

பழச்சர்க்கரைக்குப் பதில் வெள்ளைச் சர்க்கரை போட்டிருந்தால் எவ்வளவு போட்டாலும் பயனில்லை, அது அவுரியை ஒடுக்காது. வெல்லத்திலும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான் என்பதால் மிக மெதுவாகவே வேலை செய்யும். நன்றாகக் கனிந்து தோல் கறுத்த வாழைப்பழம் ஒரு கிலோவைத் தண்ணீரில் வேகவைத்து, வடித்த சாற்றை ஊற்றலாம். நம் பக்கத்துப் பழைய சாயக்காரர்கள் தகரை விதையை வேகவைத்துச் சுண்ணாம்போடு சேர்த்து நொதிக்கவைத்தார்கள். அதைக் கட்டிக்காக்க நாள்தோறும் ஒருவர் மோந்தும் பார்த்தும் கவனிக்க வேண்டும். சனி ஞாயிறு பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கு அது ஒத்துவராது.

தண்ணீர் பச்சையாக இருந்தும் துணி வெளிறி வந்தால் காரத்தைப் பாருங்கள். பி.எச். தாளில் 10.5-க்கும் 11-க்கும் இடையில் இருக்க வேண்டும். இங்கே மஞ்சள் கீற்று உதவாது, அது அதற்கு முன்பே சிவந்துவிடும். அளவு இறங்கியிருந்தால் சுண்ணாம்பு 10 கிராம், ஒரு மணி நேரம் பொறுத்து மறுபடி தாள். காரம் சரியாக இருந்தால் அவுரி தீர்ந்துவிட்டது.

கையில் நீலம் ஒட்டினால் அவசரம்தான் காரணம். ஒரே முக்கில் அடர்நீலம் கொண்டுவரப் பார்க்கக் கூடாது. 5 நிமிடத் தோய்ப்பு, 15 நிமிடக் காற்று என்று ஐந்தாறு முறை ஏற்றுங்கள். அடியில் தங்கிய மண்டியைத் துணி தொட்டாலும் ஒட்டும் நீலமும் திட்டும் வரும். மூங்கில் தட்டு ஒன்றைத் தொட்டிக்குள் பாதி ஆழத்தில் கட்டிவிடலாம். முடிந்த துணி விறைத்து வெண்படலம் காட்டினால் அது சுண்ணாம்பு. 20 லிட்டர் தண்ணீரில் 100 மி.லி. வினிகர் விட்டு 10 நிமிடம் ஊறவைத்து அலசினால் போய்விடும்.

சில மாதத்தில் கறுப்புப் பகுதி மட்டும் நைந்து கிழிகிறது

அன்னபேதி அதிகம். கறுப்புக்கும் சாம்பலுக்கும் 1 கிலோ துணிக்கு 20 கிராம் போதும். இன்னும் கறுக்க வேண்டுமென்றால் கடுக்காயைக் கூட்டுங்கள், இரும்பைக் கூட்டாதீர்கள். இரும்பும், அதோடு மிஞ்சும் அமிலமும் பருத்தி இழையை அரிக்கும். தோய்த்த உடனே லிட்டருக்கு 1 கிராம் சோடா ஆஷ் கரைத்த நீரில் ஒருமுறை அலசிப் பிறகு நல்ல தண்ணீரில் அலச வேண்டும். சோடாவுக்குப் பதில் கரும்பலகைச் சாக்கைப் பொடித்துப் போடுவதென்றால் முதலில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தால்தான் அது சுண்ணாம்புச் சாக்கு. பல சாக்குகள் ஜிப்சம். அவை அமிலத்தை முறிக்காது. மயில்துத்தமும் பொட்டாசியம் டைகுரோமேட்டும் பழைய குறிப்புகளில் இருந்தாலும் பள்ளிக்குள் வரவே கூடாது.

கலைஞர் வந்து செய்து காட்டினார், பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள்

40 பேர் ஒரு பானையைச் சுற்றி நின்றால் முன்வரிசை ஆறு பேருக்குத்தான் தெரியும். எட்டுப் பேராக ஐந்து குழு பிரியுங்கள்: முடிச்சு, எடை போடுதல், தண்ணீர்ச் சோதனை, பதிவேடு, பானை. பாடவேளைக்கு ஒரு இடம் என்று சுழலட்டும். பானைக் குழுவோடு மட்டும் கலைஞர் இருப்பார் என்று வைக்காதீர்கள், முடிச்சுக் குழுவுக்குத்தான் அவர் அதிகம் தேவை.

ஒரு பாடவேளைக்குள் எதுவும் முடியவில்லை என்ற புகாருக்கு விடை துணியிலேயே இருக்கிறது. படிகாரம் ஏறிய துணியை உலர்த்தி, இருட்டான இடத்தில் காகிதம் சுற்றி வைத்தால் வாரக்கணக்கில் கெடாது. வேகவைப்பதையும் ஊறவைப்பதையும் மகளிர் குழு தங்கள் இடத்தில் செய்து தரலாம், சொட்டுச் சோதனையைப் பள்ளி செய்யும். சாயம் ஏற்றும் நாளுக்கு மட்டும் இரண்டு பாடவேளையைச் சேர்த்துக் கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி காயாது. அந்த மாதங்களை முடிச்சுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

கலைஞர் இரண்டாம் முறை வரவில்லை என்றால் கூலியைப் பாருங்கள். பள்ளிக்கு வரும் நாளில் அவருக்கு வீட்டில் வேலை நிற்கிறது. அந்த நாளின் முழுக் கூலி, போக்குவரத்து, பொருள் செலவு மூன்றையும் முன்கூட்டியே எழுதி, வந்த அன்றே கையில் கொடுக்க வேண்டும். பொன்னாடையும் சான்றிதழும் கூலி ஆகாது. பாத்திரம் யாருடையது, மிஞ்சிய துணி யாருக்கு, அவர் வடிவத்தைப் பள்ளி விழாவில் விற்றால் பணம் யாருக்கு என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.

போன முறை வந்த நிறம் இந்த முறை வரவில்லை

ஒவ்வொரு பானைக்கும் ஒரு அட்டை. துணியின் எடை, தண்ணீர் எங்கிருந்து, ஒவ்வொரு பொருளின் கிராம், சூடு, நேரம், தேதி எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். அந்தப் பானையில் தோய்த்த துணியில் இரண்டு விரலகலத் துண்டு ஒன்றை அட்டையில் ஒட்டி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி சன்னலில் தொங்கவிடுங்கள். இரண்டு மாதம் கழித்துத் தாளை நீக்கினால் எது வெயிலுக்கு நிற்கும் என்பது தெரிந்துவிடும்.

அட்டையில் குடக் கணக்கும் இருக்கட்டும். வேகவைக்க 25 லிட்டர், அலச 40, கடுக்காய்க்கு 20, படிகாரத்துக்கு 20, லேசான அலசல் 20, சாயம் 25, கடைசி அலசல் 40. கூட்டினால் 190 லிட்டர், ஏறக்குறைய 13 குடம். இயற்கைச் சாயத்துக்கும் தண்ணீரும் விறகும் செலவாகும் என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டு, எங்கே குறைக்கலாம் என்று பிள்ளைகளையே கேளுங்கள். கடைசி அலசலின் இரண்டாம் தண்ணீரை அடுத்த பானைக்கு முதல் அலசலாக்கலாம். படிகாரக் கரைசலைப் பாதி அளவு படிகாரமும் சோடாவும் சேர்த்து இன்னொரு முறை பயன்படுத்தலாம்.

கழிவு நீரை எங்கே ஊற்றுவது

கண்மாயிலோ ஊருணியிலோ வாய்க்காலிலோ ஊற்றக் கூடாது. தீர்ந்த சாயத் தண்ணீரையும் படிகாரத் தண்ணீரையும் பத்து மடங்கு நீர் சேர்த்து, காய்கறிப் பாத்தி இல்லாத தரையில் பரவலாக ஊற்றுங்கள். ஒரே மரத்தடியில் வாரம்தோறும் வேண்டாம். சக்கைகள் உரக்குழிக்கு. அவுரித் தொட்டியை விடுமுறைக்கு முன் கொட்டத் தேவையில்லை. கலக்கிவிட்டு, மூடியை இறுகக் கட்டி, சாவி உள்ள அறையில் வையுங்கள். பள்ளி திறந்ததும் பி.எச். பார்த்து, சுண்ணாம்பும் 50 கிராம் பழச்சர்க்கரையும் சேர்த்துச் சூடாக்கினால் மறுநாள் தோய்க்கலாம். அவுரி முழுக்கத் தீர்ந்த தொட்டியென்றால் மேல்நீரில் வினிகர் விட்டுக் காரத்தை 8-க்குக் கீழே இறக்கி ஊற்றுங்கள். அடிச் சுண்ணாம்பை உலரவிட்டு, வளாகத்தில் வெள்ளையடிக்கும் சுண்ணாம்போடு கலந்துவிடலாம்.